ப்ரோகிராமுக்குள் ஒரு ப்ராஜெக்ட்டை எப்போது நிறுத்துவது: நான்கு வழிகளும் ஒரு கணக்கும்

ஒரு நிறுவனம் ஐந்து ப்ராஜெக்ட்களைச் சேர்த்து ஒரே ப்ரோகிராமாக நடத்துகிறது. நான்கு ஓரளவு சரியாகப் போகின்றன. ஐந்தாவது ஒன்றரை வருடமாக இழுக்கிறது. முதலில் கேட்ட பட்ஜெட் தீர்ந்து, அப்புறம் கேட்டு வாங்கியதும் தீரப்போகிறது. ப்ரோகிராமை மேற்பார்வை பார்க்கும் மாதாந்திர ஸ்டியரிங் கமிட்டியில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச ஆரம்பித்தால் "நிறுத்திவிடலாமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதால். அந்தக் கேள்வி வரும்போது கையில் என்னென்ன வழிகள் உண்டு, எது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

தனியாக நிற்கும் ப்ராஜெக்ட் என்றால் ஒரு கேள்வி போதும். இனி போடப்போகும் பணத்துக்கு இனி வரப்போகும் பலன் ஈடாகுமா? ப்ரோகிராமுக்குள் இருக்கும்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இதை நம்பி வேறு யார் காத்திருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை நிதித்துறையின் எக்ஸெல் ஷீட்டில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் யாரிடமும் எழுத்தில் இருக்காது. நிறுத்தும் முடிவுகள் தப்பாகப் போவது அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வழிகள் நான்கு. உடனே முழுதாக நிறுத்துவது ஒன்று. ஸ்கோப்பை, அதாவது செய்ய வேண்டிய வேலையின் அளவை, குறைத்து, மற்ற ப்ராஜெக்ட்களுக்குத் தேவையான துண்டை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு மூடுவது இன்னொன்று. ப்ரோகிராமிலிருந்து கழற்றி, தனிப் பட்ஜெட்டில் அதன் போக்கில் ஓடவிடுவது மூன்றாவது. அடுத்த ரிவ்யூ வரை பொறுத்திருப்பது நான்காவது. "கொஞ்ச நாள் ஹோல்டில் போடுவோம்" என்று ஐந்தாவது ஒன்றையும் சொல்வார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இந்த வழிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரியும். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனமும் எண்களும் கற்பனை. ஆர்டர்களுக்கும் கணக்குக்கும் ஈஆர்பி மென்பொருள், துணி ஸ்டோருக்கு பார்கோடு, தையல் லைனில் ஒவ்வொரு பண்டலும் (வெட்டிய துணித் துண்டுகளின் கட்டு) எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் ரீடர் படிக்கும் டேக்), எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் சம்பளத்துக்குப் புது பேரோல், வெளிநாட்டு பையர் தன் ஆர்டரின் நிலையைப் பார்க்க ஒரு போர்ட்டல். இந்த ஐந்தும் சேர்ந்தது ப்ரோகிராம்.

இழுப்பது ஆர்எஃப்ஐடி. ஆரம்பத்தில் திட்டம் போட்டபோது ஒரு ஸ்டைலில் பெரிய பெரிய ஆர்டர் வந்துகொண்டிருந்தது. இப்போது பையர்கள் சின்னச் சின்ன லாட்டாகத் தருகிறார்கள். ஒவ்வொரு முறை ஸ்டைல் மாறும்போதும் எந்த ஆபரேஷனுக்குப் பின் எது என்ற வரிசையை சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும், டேக்கைப் புது பண்டலோடு இணைக்க வேண்டும். லைன் சூப்பர்வைசருக்கு அதற்கு நேரமில்லை. அவர் பழையபடி நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் எல்லா டேக்கையும் ஒரே மூச்சில் ரீடரில் தட்டிவிடுகிறார். அன்றைய பண்டல் அத்தனையும் மாலை ஆறு மணிக்கு முடிந்ததாக சிஸ்டம் காட்டுகிறது. ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் "பயன்பாடு 100 சதவீதம்" என்று பச்சையில் வருகிறது.

இதுவரை செலவு 70 லட்சம் ரூபாய். முடிக்க இன்னும் 60 லட்சம் வேண்டும். ஒழுங்காக முடித்தால் லைன் உற்பத்தித்திறனில் வருடத்துக்கு 12 லட்சம் மிச்சமாகும். கருவிகளின் ஆயுளை மூன்று வருடம் என்று எடுத்தால் 36 லட்சம். இன்றே நிறுத்தினால் ஒப்பந்தப்படி வெண்டாருக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும்.

இதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் விடை சுலபம். முடித்தால் 24 லட்சம் நஷ்டம், நிறுத்தினால் 10 லட்சம் நஷ்டம், ஆகவே நிறுத்து. போன 70 லட்சம் எந்தப் பக்கக் கணக்கிலும் வராது. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டதே என்ற ஆதங்கம் எல்லோருக்கும் வரும், அந்தப் பணத்தைத் தேடிக் கொண்டுவந்தவருக்கு இன்னும் அதிகமாக வரும். ஆனாலும் எந்த முடிவு எடுத்தாலும் அந்தத் தொகை திரும்பி வரப்போவதில்லை. முடிக்க வேண்டிய 60 லட்சத்தைப் பற்றித்தான் இன்னும் நம்மால் எதையாவது தீர்மானிக்க முடியும்.

இப்போது ப்ரோகிராமாகப் பார்ப்போம். பீஸ் ரேட் பேரோலுக்கு எந்த லைன் எத்தனை பண்டல் முடித்தது என்ற எண்ணிக்கை வேண்டும். பையர் போர்ட்டலுக்கும் அதே எண்ணிக்கைதான் அடிப்படை. ஆர்எஃப்ஐடி இல்லையென்றால் இரண்டு டீமும் ஆளுக்கொரு வழியைக் கட்ட வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து 20 லட்சம் ஆகும். அப்படியானால் நிறுத்துவதன் உண்மையான விலை 30 லட்சம். முடிப்பதன் 24 லட்சம் நஷ்டத்தைவிட இது அதிகம். தனியாகப் பார்த்தபோது சரியாகத் தெரிந்த முடிவு ப்ரோகிராமுக்கு ஆக மோசமான முடிவாகிவிட்டது.

ஸ்கோப்பைக் குறைத்தால்? ஒவ்வொரு தையல் மெஷினிலும் ரீடர் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, லைனின் கடைசியில், செக்கிங் டேபிளுக்கு முன்னால் மட்டும் ஒன்று வைப்பது. ஏற்கெனவே வாங்கிய ரீடர்களே போதும். மீதி வேலைக்கு 15 லட்சம், ஒப்பந்தத்தைத் திருத்த 5 லட்சம். எந்த லைன் பின்தங்குகிறது என்று மதியத்துக்குள் தெரிந்துவிடுவதால் வருடத்துக்கு 3 லட்சம் மிச்சம், மூன்று வருடத்துக்கு 9 லட்சம். நிகர நஷ்டம் 11 லட்சம். பேரோலும் போர்ட்டலும் எந்த வழியிலும் ஓடத்தான் போகின்றன என்பதால் அவற்றின் பலனை மூன்று கணக்கிலும் சேர்க்கவில்லை.

முடித்தால் 24, நிறுத்தினால் 30, குறைத்து மூடினால் 11. எதிலும் லாபம் இல்லை, இருப்பதில் குறைந்த நஷ்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். டீமின் மாதச் செலவு 3 லட்சம் என்றால், "அடுத்த காலாண்டு ரிவ்யூவில் பார்ப்போம்" என்று சொல்வதன் விலை 9 லட்சம். அந்தக் காலாண்டு கழித்து ஸ்கோப்பைக் குறைத்தால் நஷ்டம் 20 லட்சமாகிவிடும். பேரோலும் போர்ட்டலும் அந்த மூன்று மாதம் காத்திருப்பதன் செலவு தனி.

இந்தக் கணக்கு முழுக்க ஒரு எண்ணை நம்பி நிற்கிறது, மற்ற இரண்டு ப்ராஜெக்ட்களுக்கான அந்த 20 லட்சத்தை. அது 4 லட்சமாக இருந்தால் நிறுத்துவதன் விலை 14 லட்சம்தான். குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் அதிக வித்தியாசம் இருக்காது, அப்போது சட்டென்று நிறுத்துவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் குறைத்த ஸ்கோப் மறுபடி வளரும் ஆபத்து எப்போதும் உண்டு. அந்த எண்ணை யார் சொல்ல வேண்டும்? பேரோல் டீமும் போர்ட்டல் டீமும்தான். ஆர்எஃப்ஐடி மேனேஜரைக் கேட்டால் பெரிய எண்ணைச் சொல்வார், நிதித்துறையைக் கேட்டால் சின்ன எண்ணைச் சொல்வார்கள்.

துண்டாக வெட்ட முடியாத ப்ராஜெக்ட்

குறைத்து மூடுவது எப்போதும் கைகொடுக்காது. அமெரிக்காவின் எஃப்பிஐ நடத்திய ட்ரிலஜி ப்ரோகிராம் இதற்கு நன்கு பதிவான உதாரணம். அதில் மூன்று பகுதிகள்: அலுவலகங்களுக்குப் புதுக் கணினிகள், அவற்றை இணைக்கும் நெட்வொர்க், வழக்குக் கோப்புகளைக் கையாள விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்ற மென்பொருள். முதல் இரண்டும் தாமதமாக என்றாலும் 2004 ஏப்ரலில் முடிந்துவிட்டன. மூன்றாவது 2005இல் கைவிடப்பட்டது. அதற்குப் போனது சுமார் 170 மில்லியன் டாலர், அதில் 100 மில்லியனுக்கு மேல் எதற்கும் உதவாமல் போனது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் தேவைகள் தலைகீழாக மாறின. பழைய மெயின்ஃப்ரேம் சிஸ்டத்துக்கு வெப் முகப்பு போடுவதாகத் தொடங்கிய வேலை, அதையே முழுதாக மாற்றும் வேலையாக வளர்ந்தது. மாற்றக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. 2003 டிசம்பரில் ஒப்பந்த நிறுவனமான எஸ்ஏஐசி மென்பொருளைக் கொடுத்தது. எஃப்பிஐ குறைகளைப் பட்டியலிட்டு ஏற்க மறுத்தது. அதற்குப் பின்னும் ஒரு வருடத்துக்கு மேல் பேச்சும் திருத்தமும் ஒரு சின்ன பைலட்டுமாக ஓடின.

என் கண்ணில் படுவது வேறு ஒன்று. பழைய சிஸ்டத்தை அணைத்துவிட்டு எல்லோரையும் ஒரே நாளில் புதியதற்கு மாற்றுவது என்று திட்டமிட்டிருந்தார்கள். படிப்படியாக இறக்கும் ஏற்பாடு இல்லை, பழையதற்குத் திரும்பும் வழியும் இல்லை. அப்படிக் கட்டினால் பாதி முடிந்தது என்ற நிலையே வராது. முழுதாக இருக்கும் அல்லது ஒன்றுமே இருக்காது. ஆகவே குறைத்து மூடும் வழி அவர்களுக்கு 2003இல் கையில் இல்லை, அதை ஆரம்ப வடிவமைப்பிலேயே இழந்திருந்தார்கள்.

அடுத்து வந்த சென்டினல் ப்ராஜெக்ட்டில் இது மாறியது. 2006இல் லாக்ஹீட் மார்ட்டினுக்குக் கொடுத்து, கட்டம் கட்டமாக இறக்கினார்கள். அதுவும் தாமதமாகி செலவு கூடியது. ஆனால் 2010இல் வெண்டாரின் வேலையை நிறுத்தி, மீதியை எஃப்பிஐ தன் கையில் எடுத்து, சிறிய டீமை வைத்து 2012 ஜூலையில் எல்லா அலுவலகங்களுக்கும் கொண்டுவர முடிந்தது. முடிந்த கட்டங்கள் வேலை செய்துகொண்டிருந்ததால்தான் நடுவில் ஆளை மாற்ற முடிந்தது. ப்ராஜெக்ட் தொடரலாம், அதை நடத்தும் ஏற்பாட்டை மட்டும் நிறுத்தலாம் என்பதும் ஒரு தேர்வு. ஸ்டியரிங் கமிட்டிகளில் இதை யோசிப்பவர்கள் குறைவு.

கழற்றிவிடுவது

மூன்றாவது வழிக்கு நம் நாட்டிலேயே தெளிவான உதாரணம் உண்டு. தேஜஸ் போர் விமானத்துக்கான காவேரி இன்ஜின். பெங்களூருவில் உள்ள ஜிடிஆர்இ ஆய்வகத்துக்கு 1989இல் 382.81 கோடி ரூபாயில் அனுமதி கிடைத்தது. உள்நாட்டு விமானம், உள்நாட்டு இன்ஜின், இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்பது கனவு. இன்ஜின் எடை கூடியது, எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்கவில்லை, காலக்கெடு தள்ளிக்கொண்டே போனது. 2008இல் காவேரியை தேஜஸ் ப்ரோகிராமிலிருந்து அதிகாரபூர்வமாகப் பிரித்தார்கள்.

பிரித்தபோது தேஜஸ் நிற்கவில்லை. காரணம், முன்மாதிரி விமானங்களை அமெரிக்க ஜிஇ நிறுவனத்தின் எஃப்404 இன்ஜினோடு பறக்கவிடுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முதலில் பறந்தது அந்த இன்ஜினோடுதான். விமானம் இன்ஜினுக்காகக் காத்திருக்கும் கட்டாயம் ஏழு ஆண்டுக்கு முன்பே தளர்ந்துவிட்டது. 2016இல் விமானப்படையில் சேர்ந்த தேஜஸின் முதல் படைப்பிரிவு 2018இல் கோவை அருகே சூலூருக்கு வந்தது.

காவேரியும் சாகவில்லை. 2010இல் மாஸ்கோ அருகே ஐஎல்-76 விமானத்தில் பொருத்தி அதைப் பறக்கும் சோதனைக்கு உட்படுத்தினார்கள். இன்று அதன் இன்னொரு வடிவம் ஆளில்லா போர் விமானத்துக்காக உருவாகிக்கொண்டிருக்கிறது. உலோகக் கலவை, டர்பைன் பிளேடு, சோதனைக்கூடம் என்று சேர்ந்த அறிவு வீணாகவில்லை. இன்ஜின் செய்யத் தெரிந்த நாடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அந்த அறிவுக்காகவே ஒரு ப்ராஜெக்ட்டை ஓடவிடுவது நியாயம்தான், அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிப் பணம் கேட்கும் வரை.

இதற்கும் விலை உண்டு. தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் தாமதமானதற்கு ஜிஇ இன்ஜின்கள் சொன்ன நேரத்துக்கு வராததும் ஒரு காரணம். உள்ளே இருந்த சார்பைக் கழற்றினால் அந்த இடத்தில் வெளியே ஒரு சார்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கணக்கில் எழுதாமல் கழற்றக் கூடாது.

1983இல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்திலும் இதே மாதிரி நடந்தது. பிருத்வி, அக்னி, ஆகாஷ், நாக், திரிசூல் என்று ஐந்து. திரிசூலுக்காகக் காத்திருந்த கடற்படை இஸ்ரேலின் பராக் ஏவுகணையை வாங்கிக்கொண்டது. திரிசூல் தொழில்நுட்பத்தை நிரூபிக்கும் முயற்சியாகச் சுருக்கப்பட்டு 2008இல் மூடப்பட்டது. மற்ற ஏவுகணைகளின் பாதையை அது மறிக்கவில்லை, ஏனென்றால் ஒன்று இன்னொன்றின் விளைபொருளுக்காகக் காத்திருக்கும்படி அந்தத் திட்டம் அமைக்கப்படவில்லை.

வணிக நிறுவனத்தில் இந்த வழி எடுபட இரண்டு நிபந்தனைகள் வேண்டும். கழற்றிய ப்ராஜெக்ட்டுக்குத் தனியாக ஒரு ஸ்பான்சரும் (மேல்மட்டத்தில் அதற்குப் பொறுப்பேற்பவர்) தனிப் பணமும் இருக்க வேண்டும். ப்ரோகிராமின் தேதிகளில் அது எந்த வரியிலும் வரக் கூடாது. இரண்டும் இல்லாமல் "ஆர் அண்ட் டி பக்கம் தள்ளிவிட்டோம்" என்றால், யாரும் கேட்காத மூலையில் பணம் கசிந்துகொண்டிருக்கும். திருப்பூர் நிறுவனத்தின் அளவுள்ளவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

எப்போது என்பதை யார் முடிவு செய்வது

எப்படி நிறுத்துவது என்பதைவிட எப்போது என்பது கடினம். இதற்கு நிறுவனங்கள் மூன்று முறைகளைக் கையாள்கின்றன.

பரவலாக இருப்பது வருடாந்திர பட்ஜெட். மார்ச்சில் பணம் ஒதுக்கும்போது யாருக்கு வெட்டு என்று பார்ப்பது. இது மோசமான முறை. வெட்டு விழும் தேதிக்கும் ப்ராஜெக்ட்டின் நிலைக்கும் சம்பந்தமே இருக்காது. ஏப்ரலில் செத்த ப்ராஜெக்ட் அடுத்த மார்ச் வரை சம்பளம் வாங்கும்.

இரண்டாவது, கேட் ரிவ்யூ. வடிவமைப்பு முடிந்ததும் ஒன்று, பைலட் முடிந்ததும் ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றிலும் பிசினஸ் கேஸை, அதாவது செலவுக்குப் பலன் ஈடாகும் என்ற கணக்கை, மறுபடி பார்ப்பது. ஒழுங்காக நடத்தினால் நல்லது. ஆனால் கேட்டில் உட்காருபவர்கள் அந்த ப்ராஜெக்ட்டுக்கு முதலில் அனுமதி கொடுத்த அதே ஆட்கள் என்றால், "நிபந்தனையோடு அனுமதி" என்ற விடைதான் எப்போதும் வரும். ஒரு நிறுவனத்தின் கேட் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கடந்த சில வருடங்களில் அந்தக் கேட்டில் எத்தனை ப்ராஜெக்ட் நிறுத்தப்பட்டன என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் அது கேட் இல்லை, கையெழுத்துச் சடங்கு.

மூன்றாவது முறையில், எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று தொடங்கும் முன்பே எழுதி வைக்கிறார்கள். எனக்கு இதில்தான் நம்பிக்கை. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் எக்ஸ் ஆய்வகத்தில் ஃபாக்ஹார்ன் என்று ஒரு ப்ராஜெக்ட் இருந்தது. கடல்நீரிலிருந்து கார்பன் டையாக்சைடைப் பிரித்து எரிபொருள் செய்வது. வேதியியல் வேலை செய்தது. ஆனால் ஐந்து வருடத்துக்குள் பெட்ரோலுக்கு இணையாக ஒரு கேலன் 5 டாலருக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்று அளவுகோல் வைத்திருந்தார்கள். அது நடக்காது என்று தெரிந்ததும் 2016இல் நிறுத்தினார்கள். தொழில்நுட்பம் ஜெயித்தபோதும் நிறுத்த முடிந்ததற்குக் காரணம் அந்த ஒற்றை எண். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ப்ரோகிராமுக்குள் இந்த எழுத்தில் இன்னொரு வரி சேர வேண்டும். நம்பியிருக்கும் ப்ராஜெக்ட் எந்தத் தேதிக்கு மேல் காத்திருக்க முடியாது என்பது. திருப்பூர் கணக்கில் பேரோல் டீம், "ஜூலை 1க்குள் பண்டல் எண்ணிக்கை வரவில்லை என்றால் நாங்கள் கையால் ஏற்றும் திரையைக் கட்ட ஆரம்பிப்போம்" என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தேதியே முடிவெடுக்கும் நாளாகியிருக்கும். நிறுத்தும் தேதியைச் சொல்ல வேண்டியவர் அந்த ப்ராஜெக்ட்டின் மேனேஜர் இல்லை, அதற்காகக் காத்திருப்பவர்.

அவர்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் நடத்தையில் தெரிந்துவிடும். பிபிசி 2008இல் தொடங்கிய டிஜிட்டல் மீடியா இனிஷியேட்டிவ் ப்ராஜெக்ட்டைப் பாருங்கள். டேப் இல்லாமல், நிகழ்ச்சித் தயாரிப்பு முழுவதையும் மேசைக் கணினியிலேயே செய்ய வேண்டும் என்பது நோக்கம். முதலில் சீமென்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, 2009இல் பிபிசியே கையில் எடுத்துக்கொண்டது. அது தாமதமானதால் சால்ஃபோர்டில் புதிதாக அமைந்த பிபிசி மையம் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிவந்தது. தயாரிப்புக் குழுக்கள் கடையில் கிடைக்கும் மென்பொருள்களுக்குப் போய்விட்டன. 2013 மே மாதம் பிபிசியின் அப்போதைய தலைமை இயக்குநர் டோனி ஹால் அதை மூடியபோது நிகர இழப்பு 98.4 மில்லியன் பவுண்டு. உருவான துண்டுகளில் உருப்படியாகப் பயன்பட்டது ஆவணக் காப்பக டேட்டாபேஸ். அதை வழக்கமாகப் பயன்படுத்தியவர்கள் 163 பேர், வருடச் செலவு 3 மில்லியன் பவுண்டு. அது மாற்ற வந்த பழைய சிஸ்டத்துக்கு ஆன வருடச் செலவோ 7,80,000 பவுண்டு.

சால்ஃபோர்ட் வேறு வழி தேடிய அன்றே ப்ராஜெக்ட்டின் பிசினஸ் கேஸில் ஒரு பெரிய பகுதி கரைந்துவிட்டது. கேட் ரிவ்யூவுக்கான நாள் அதுதான். உங்கள் ப்ரோகிராமில் பக்கத்து டீம் சத்தமில்லாமல் ஒரு எக்ஸெல் மேக்ரோ எழுதிக்கொண்டிருந்தால், "தற்காலிக" ஸ்கிரிப்ட் ஒன்று ஆறு மாதமாக ஓடினால், அதைப் போய்ப் பாருங்கள். எந்த ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டையும்விட அது உண்மையைச் சொல்லும்.

ஹோல்ட் என்ற ஐந்தாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோல்டில் போட்டால் நல்ல ஆட்கள் வேறு டீமுக்குப் போய்விடுவார்கள், லைசென்ஸ் பணம் போய்க்கொண்டிருக்கும், நம்பியிருப்பவர்களுக்குக் காத்திருப்பதா வேறு வழி பார்ப்பதா என்றே தெரியாது. சட்டமோ ஒழுங்குமுறை அனுமதியோ வரவேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு தேதி தெரியும் என்றால் மட்டும் அது நியாயம். மற்றபடி முடிவெடுக்கத் தயங்குவதற்கு இன்னொரு பெயர்.

மூடும் வேலை

நிறுத்துவது என்று முடிவான பிறகு நடப்பதுதான் பலருடைய கணக்கில் வருவதே இல்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 2002இல் தொடங்கிய தேசிய தகவல் தொழில்நுட்ப ப்ரோகிராமில் தெற்குப் பகுதி ஒப்பந்தம் ஃபுஜிட்சுவிடம் இருந்தது. 2008இல் அது முறிந்தது, அதன் பின் சட்டப் போராட்டம் பல ஆண்டுகள் நீண்டது. 2011இல் அந்த ப்ரோகிராமையே கலைப்பதாக அரசு அறிவித்தபோதும் எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை. மருத்துவமனைகளை இணைத்த நெட்வொர்க், எக்ஸ்ரே படங்களை டிஜிட்டலாகப் பகிரும் வசதி, ஸ்பைன் என்ற மையத் தகவல் அமைப்பு ஆகியவை தொடர்ந்தன. மற்ற பகுதிகளை நம்பாமல் தனியே நிற்கக்கூடியவை தப்பித்தன.

ஆகவே ஒப்பந்தம் போடும்போதே ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வெளியேற எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திருப்பூர் கணக்கில் வெளியேறும் செலவு 10 லட்சம் என்று நான் சுலபமாகப் போட்டுவிட்டேன். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் அது என்ன தொகையாகவும் இருக்கலாம், பேசித் தீர்க்க எத்தனை மாதமும் ஆகலாம்.

மூடும் வாரத்தில் பார்க்க வேண்டியவை சலிப்பூட்டும் வேலைகள்தான். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் லைசென்ஸ்கள், யார் பெயரிலோ ஓடும் கிளவுட் சர்வர், வெண்டாரிடம் இருக்கும் சோர்ஸ் கோடு, ஊழியர் தகவல் எங்கெல்லாம் நகலாகியிருக்கிறது என்ற பட்டியல். இதற்குக் கொஞ்சம் பட்ஜெட்டும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும். அப்புறம், எதை மீட்க முடியும் என்று பார்க்க வேண்டும். பலூன் மூலம் இன்டர்நெட் தரும் லூன் நிறுவனத்தை ஆல்ஃபபெட் 2021 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது. பலூனுக்குப் பலூன் ஒளிக்கற்றையில் தகவல் அனுப்ப அங்கே உருவான தொழில்நுட்பம் தாரா என்ற இன்னொரு முயற்சிக்குப் போனது. நிறுத்தும் அன்றைக்கே இந்தக் கைமாற்றத்துக்கு ஆள் குறித்துவிட வேண்டும். இரண்டு மாதம் போனால் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

கடைசியாக, ஆட்கள். எக்ஸ் ஆய்வகத்தின் தலைவர் ஆஸ்ட்ரோ டெல்லர் 2016இல் ஒரு மேடையில் சொன்னார்: தங்கள் ப்ராஜெக்ட்டைத் தாங்களே நிறுத்திய டீம்களில் ஒவ்வொருவருக்கும் போனஸ் கொடுத்திருக்கிறோம், இரண்டு பேர் டீமிலிருந்து முப்பது பேருக்கு மேற்பட்ட டீம் வரை. நம் ஊர் நிறுவனங்களில் போனஸ் வரைக்கும் போக வேண்டாம். நிறுத்தப்பட்ட ப்ராஜெக்ட்டில் இருந்தவருக்கு அந்த வருட அப்ரைசலில் அடி விழக் கூடாது என்பதை மட்டும் எழுத்தில் கொடுத்தால் போதும். இதைச் செய்யாத இடத்தில் எந்த மேனேஜரும் உண்மை நிலையைச் சொல்ல மாட்டார். ஸ்டியரிங் கமிட்டிக்குத் தெரியவருவதற்குள் இன்னும் ஒரு காலாண்டுச் சம்பளம் போயிருக்கும். வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "உங்கள் வேலை இருக்கும் என்று உறுதியில்லை, ஆனாலும் ப்ராஜெக்ட் தேறாது என்று நீங்களே வந்து சொல்லுங்கள்" என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆகவே நிறுத்தும் அறிவிப்பும், அந்த டீமில் ஒவ்வொருவரும் அடுத்து எந்த வேலைக்குப் போகிறார்கள் என்ற பட்டியலும் ஒரே நாளில், ஒரே கூட்டத்தில் வர வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்பான்சர், ப்ராஜெக்ட் மேனேஜர் இல்லை.